பொந்து வரி போட்ட காடு

கதைன்னதும் பல்லக் காட்டிட்டு வந்து உக்காந்துட்டீங்களாடா? சரி. பாதியில பயந்து எவனாச்சும் எந்திரிச்சான், துணைக்கு நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.

ஒரு காட்டுல, எந்தக் காடுன்னு தேடிப் போயிடாதீங்க, இப்ப அங்க ஒண்ணும் இல்ல, கரடிதான் தலைவரு. வயித்துக்கு அப்புறம்தான் அவருக்கு மத்ததெல்லாம். அவரு பஞ்சாயத்துல ஒரு கிளி மெம்பரு. கரடி சொன்னதத் திருப்பிச் சொல்றதுதான் அதோட பொழப்பு. தாயில்லாத மூணு குஞ்சுங்கள வெச்சுக்கிட்டு ஒரு மரப் பொந்துல இருந்துச்சு.

ஒரு நாள் கரடி கூட்டம் போட்டாரு. "இனிமே பொந்துக்கு வரி. ஒரு பொந்துக்கு ஒரு கூடை இலுப்பப்பூ."

கிளிக்குத் திக்குன்னுச்சு. நரி கண்ணடிச்சுச்சு. "தலைவரே, குடியிருக்கறவன்கிட்டக் கேட்டா நமக்கு ஓட்டு விழாது. பொந்து போட்டவன்கிட்டக் கேப்போம்."

அந்தக் காட்டுல பொந்து போடறது மரங்கொத்திங்க மட்டும்தான்.

"யோவ், நான் இருக்கறது ஒரே பொந்து," ன்னு கத்துச்சு மூத்த மரங்கொத்தி. "நான் போட்ட மத்த நாப்பதுல ஆந்தை இருக்கு, மைனா இருக்கு, இதோ இந்தக் கிளி இருக்கு. இவங்களுக்கும் நானே கட்டணுமா? பூப் பொறுக்கிட்டே இருந்தா எப்பக் கொத்தறது?"

"கட்டணும்," னாரு கரடி.

"கட்டணும்," னுச்சு கிளி. எல்லாருக்கும் முன்னாடி றெக்கையத் தூக்கிடுச்சு.

மறுநாள் காட்டுல ஒரு மரங்கொத்தி கூட இல்ல.

மொதல்ல எல்லாருக்கும் சந்தோஷம். டொக்கு டொக்குன்னு சத்தமில்ல, மத்தியானம் நல்லாத் தூங்கலாம். போகப் போக அந்த அமைதியே ஒரு மாதிரியா இருந்துச்சு. புதுசாக் கல்யாணமான மைனாவுக்குப் பொந்து கெடைக்கல. மறுபடி கூட்டம்.

"வீடு பத்தல. வேலைக்கும் ஆளில்ல," ன்னாரு கரடி.

"குரங்கக் கொத்த வைப்போம்," னுச்சு நரி.

குரங்கு ஒரே கொத்துதான் கொத்துச்சு. முன்பல்லு ரெண்டும் கையில வந்துடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் கடைக்குட்டிக் குஞ்சு சொல்லுச்சு: "அப்பா, செவுத்துக்குள்ள யாரோ சாப்புடறாங்கப்பா."

"காத்துடா. தூங்கு."

வெளிய ஒரு இலை அசையல. கிளி செவுத்துல காத வெச்சுச்சு. கொறுக். கொறுக். நின்னுபோச்சு. மூச்ச அடக்கிக்கிட்டுக் கேட்டுச்சு. மறுபடி, இப்பக் கொஞ்சம் கிட்டத்துல, கொறுக்.

மேலேர்ந்து மாவு மாதிரி என்னமோ குஞ்சுங்க தலையில கொட்டுச்சு. எதிர்ல இருந்த மரம், காத்தும் இல்லாம சத்தமும் இல்லாம, அசந்துபோன ஆளு மாதிரி மெதுவா உக்காந்துச்சு.

மரத்துக்குள்ள இருக்கற புழுவையெல்லாம் இத்தன வருஷமாத் தின்னு தீர்த்தது யாருன்னு கிளிக்கு அப்பத்தான் உறைச்சுச்சு.

மூத்த மரங்கொத்தி போயிருந்த பக்கத்துக் காட்டுக்குப் பறந்துச்சு. "அண்ணே, கால்ல விழறேன். புள்ளைங்க உள்ள இருக்குண்ணே."

மரங்கொத்தி உடனே கூடவே பறந்து வந்துச்சு. மரத்துல ஒரே ஒரு தட்டு. காலிப் பானை மாதிரி டம்முன்னுச்சு. உள்ள இருந்த கொறுக்கெல்லாம் ஒட்டுக்கா நின்னுபோச்சு. தட்டுனது யாருன்னு ஆயிரம் வாயும் காது குடுக்கற மாதிரி.

"இது மரமில்லடா, வெறும் தோலு," ன்னு குசுகுசுத்துச்சு மரங்கொத்தி. "குஞ்சுங்களக் குதிக்கச் சொல்லு. சத்தம் கூடாது."

மூத்தது குதிச்சுச்சு. நடுவுலது குதிச்சுச்சு. கடைக்குட்டி வாசல்ல வந்து எட்டிப் பாத்துச்சு. அதையும் சேத்துக்கிட்டு மரம் உக்காந்துடுச்சு.

சாயங்காலம் மூத்த குஞ்சு கேட்டுச்சு: "அப்பா, இந்த மாமா ஏம்ப்பா நம்ம காட்ட விட்டுப் போனாரு?"

கிளி சரிஞ்சு கெடந்த மரத்தப் பாத்துச்சு.

"நான்தாண்டா தொரத்தினேன்."

நீதி: வீடு கட்டித் தர்றவன் தலையில எல்லாச் சொமையையும் ஏத்தினா அவன் போயிடுவான், வீடும் அவன் பின்னாடியே போயிடும்.