உருகாத பிஸ்தா மலை

வேலூரில் இத்தாலி ஐஸ்கிரீமான ஜெலாட்டோவுக்குக் கடை போட்ட ஏகாம்பரம், அந்த நாட்டுக்கு ஒரு வாரம் சுற்றுலா போய் வந்தவர். திரும்பும்போது பெட்டியோடு ஒரு இத்தாலிய நாக்கையும் வாங்கி வந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. "ஒரு வாய் வெச்சா போதும், எந்த ஊரு மாட்டுப் பால்னு சொல்லிடுவேன்" என்பார். அவரை யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

கடைத் திறப்பு விழா சித்திரை வெயிலில் வந்தது. சமையல்கட்டில் வேலை பார்த்த கெங்கம்மாவை முதல் நாளே கூப்பிட்டார்.

"வாசல்ல பிஸ்தா ஜெலாட்டோவை மலை மாதிரி குவிச்சு வெக்கணும். சாயங்காலம் வரைக்கும் உருகக் கூடாது. உருகிச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிடு."

"ஐஸ் பெட்டிக்குள்ளங்களா சார்?"

"சேச்சே, வெறும் மேஜை மேல. அழகு வேணாமா?"

"சரிங்க சார்."

விழாவன்று பச்சை மலை ஒரு சொட்டுக்கூட உருகாமல் நின்றது. வந்த பெரிய மனிதர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை, கரண்டியை எடுத்துவிட்டார்.

"சார், அது பார்க்க மட்டுந்தாங்க!" என்று கெங்கம்மா ஓடி வந்தாள்.

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். "ஆகா! என்னா வழவழப்பு! மலையில மேயுற இத்தாலி மாட்டோட பாலு!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் மட்டும் கெங்கம்மாவிடம், "எப்படிம்மா உருகாம நிக்குது?" என்று கேட்டார்.

"மலைன்னு சார் கரெக்டாத்தான் கண்டுபிடிச்சாருங்க" என்றாள் அவள். "ஆனா ஊட்டி மலை. மாடும் இல்லீங்க, வேகவெச்ச உருளைக்கிழங்கு."