அலை மட்டும்

பெல்சியா தன் ஊர்க் கடற்கரைக்காக ஓர் எந்திரம் செய்திருந்தாள். கேமரா வழியாகக் கடலைப் பார்த்து, கண்டதை வார்த்தையில் சொல்லும். நீரில் மனிதர் தத்தளித்தால் மணி அடிக்கும்.

மழைக்காலத்தில் கேமராக் கண்ணாடியில் உப்பு படிந்தது. எந்திரம் அடிக்கடி 'தெரியவில்லை' என்றது. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். மாறும் கடலுக்கு ஏற்ப அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்படி பெல்சியா மாற்றி அமைத்தாள். அதன்பின் 'தெரியவில்லை' என்ற சொல்லே வரவில்லை. ஊர் அவளைப் பாராட்டியது.

மழை ஓய்ந்து வெயில் அடித்த ஒரு காலையில், சிப்பி எடுக்கப் போன தாசன் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தார். மணி அடிக்கவில்லை. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

பெல்சியா தன் ஆசிரியர் நூருதீனைத் தேடிப் போனாள். கூடவே எந்திரத்தையும் கொண்டு போனாள்.

"தாசன் அண்ணனோட மனைவி என்னைக் கேட்டாங்க சார். 'உன் மெஷின் பாத்துக்கிட்டுதானே இருந்துச்சு மகளே'ன்னு. நான் என்ன சொல்ல?"

நூருதீன் எந்திரத்தை இயக்கினார். கேமராவை உள்ளங்கையால் மூடினார்.

திரையில் எழுத்து வந்தது: 'அலை மட்டும். உறுதி.'

பெல்சியா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவர் கையை எடுக்கவில்லை. "இது தன்னைத் திருத்திக்கிட்டப்போ, சரியா தப்பான்னு யாரைக் கேட்டுச்சு?"

"யாரையும் இல்ல சார். தனக்கு எது ரொம்ப உறுதியாத் தோணுச்சோ, அதையே சரின்னு எடுத்துக்கிச்சு. நான்தான் அப்படி வச்சேன்."

"முன்னாடி தெரியலைன்னு சொல்லுமே, அப்போ?"

"கடற்கரைக் காவல்காரர் முனகிக்கிட்டே எழுந்து வந்து கடலைப் பார்ப்பார்."

"அப்புறம்?"

"அது தெரியலைன்னு சொல்றதை விட்டுடுச்சு. அவரும் வர்றதை விட்டுட்டார்."

பிறகு பெல்சியா கண்ணைத் துடைத்தாள்.

"பழையபடி மாத்திடுறேன் சார். இன்னைக்கே. ஆனா அந்த அக்காகிட்ட…"

நூருதீன் கையை எடுத்தார்.

"யாரும் பாக்கலைன்னு சொல்லும்மா."