பெரணி பூக்காமல் போன வருஷம்

செடிகொடிகளும் மிருகங்களும் மனிதரோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அப்போது எந்தச் செடிக்கும் பூ சும்மா கிடைத்துவிடாது. தனக்கு வேண்டிய நிறத்தை அதுவே தேடிச் சேர்க்க வேண்டும். போதுமான அளவு சேர்ந்த பிறகுதான் மொட்டு விடும். கொன்றை வெயிலில் நின்று மஞ்சளைச் சேர்த்தது. காந்தள் புதர் மேல் ஏறி, அந்தி வானத்தின் விளிம்பிலிருந்து சிவப்பைச் சேர்த்தது.

மலை ஓடை ஒன்றின் கரையில், பெரிய பாறையின் நிழலில் ஒரு பெரணிச் செடி இருந்தது. வெயில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அந்தி வானமும் அங்கிருந்து தெரியாது. பாறையைத் தடவிக்கொண்டு போகும் மூடுபனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. பெரணி அதைத் துளித்துளியாக வாங்கி, மாவாக்கி, இலைகளின் அடிப்பக்கத்தில் பூசிவைத்தது. மேல்பக்கம் வைத்தால் மழை அடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம்.

ஏழு வருஷம் இப்படியே போனது. பாறை இடுக்கில் குடியிருந்த தவளை அடிக்கடி கேட்கும்.

"இன்னும் எத்தனை நாள்?"

"நாலு நாள். நாலே நாள்தான்" என்றது பெரணி அந்த வருஷம். "அடியில ஒரு மொட்டு முட்டுது. எனக்கே தெரியுது."

அந்த ஓடை இறங்கிப் போகும் வழியில் ஒரு சிற்றூர் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் அங்குள்ளவர்கள் எல்லா வேலையையும் போட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போவார்கள். தேன் எடுக்க அல்ல, விறகு பொறுக்கவும் அல்ல. பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டுவதற்காக. எந்தப் பழத்தைத் தின்னலாம், எந்தத் தழை பட்டால் அரிக்கும், யானை நடந்த தடம் எப்படியிருக்கும் என்றெல்லாம் பார்த்துக்கொண்டே போவார்கள். ஓடையில் ஆடிவிட்டு, கிழங்கு சுட்டுத் தின்றுவிட்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடுவார்கள்.

அந்த வருஷம் செவணனும் ரங்கியும் தங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூத்தவள் மருதிக்கு எட்டு வயது. இளையவன் குஞ்சன் இன்னும் சரியாக ஓடப் பழகவில்லை. செவணன் தீ மூட்டினான். ரங்கி குஞ்சனைத் தண்ணீரில் உட்காரவைத்தாள். மருதி கல்லைப் புரட்டி நண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மேலேயிருந்து பாதி கடித்த பழம் ஒன்று அவள் முதுகில் விழுந்தது. நிமிர்ந்தால், மரக்கிளையில் ஒரு மலையணில். வால் மட்டுமே அவள் கை நீளம்.

"அம்மா, அணிலு! எவ்ளோ பெருசு!"

"பக்கத்துல நின்னு பாரு. தூரமா போகாத" என்றாள் ரங்கி.

மருதி பக்கத்தில்தான் நின்றாள். அணில் அடுத்த மரத்துக்குத் தாவியது. அவளும் அடுத்த மரத்துக்குப் போனாள். அணில் இன்னொரு மரத்துக்குத் தாவியது. ஒவ்வொரு மரமும் பக்கத்து மரம்தானே என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

மூடுபனி இறங்கியது. மலையில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. அணில் மறைந்தது, மரம் மறைந்தது, கடைசியில் நீட்டிய கையும் மங்கலாகிவிட்டது. மருதி "அம்மா" என்று கத்தினாள். ஓடையின் இரைச்சல் அந்தக் குரலை விழுங்கிவிட்டது. அந்தப் பக்கம் கத்தி, இந்தப் பக்கம் கத்தி, பிறகு ஓட ஆரம்பித்தாள்.

பெரணி அவளைப் பார்த்தது. பாறையைத் தாண்டிப் போனாள். சற்று நேரத்தில் மறுபடியும் அதே பாறையைத் தாண்டினாள். மூன்றாவது தடவை வந்தபோது முழங்காலில் ரத்தம் வழிந்தது. பாறைக்கு இடப்பக்கம் பத்தடி தள்ளி நிலம் முடிந்துவிடும். ஓடை அங்கேதான் பள்ளத்தில் விழுகிறது.

"பாப்பா, நில்லு" என்றது பெரணி. "நீ சுத்திச் சுத்தி இங்கயேதான் வர்ற."

"இல்ல, இது வேற பாறை."

"ஒரே பாறைதான். நம்பலேன்னா என் இலை ஒண்ணைக் கிள்ளு. வெள்ளைப் பக்கத்தைப் பாறையில வச்சு அழுத்து."

மருதி கிள்ளினாள். பாறையின் நனையாத ஓரத்தில் வைத்து அழுத்தி எடுத்தாள். இலையின் ஒவ்வொரு பல்லும் நரம்பும் அப்படியே வெள்ளையாகப் பதிந்திருந்தது.

"இப்பப் போ. ஆனா வலது பக்கமாப் போ. இடது பக்கம் பள்ளம்."

அவள் போனாள். பெரணி காத்திருந்தது. ஒரு இலைதானே, ஒரு வாரம் பூ தள்ளிப்போகும், அவ்வளவுதானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மருதி திரும்பி வந்தாள். பாறையில் தான் பதித்த இலையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"உங்க ஆளுங்க எந்தப் பக்கம் தேடுவாங்க?" என்று கேட்டது பெரணி.

"தெரியல. நாங்க வந்த தடம் இருக்குல்ல... ரெண்டாப் பிரியுமே... அங்க வருவாங்க."

பெரணிக்கு அந்த இடம் தெரியும். பாறையிலிருந்து நேரே மேலே, இருபது இருபத்தைந்து மரம் தாண்டி. குழந்தை தனியாகப் போனால் மறுபடியும் வழி தவறும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு இலையைப் பதித்துக்கொண்டே போனால், திரும்பி வரவும் வழி இருக்கும், தேடி வருகிறவர்களுக்கும் வழி இருக்கும். பெரணியிடம் மொத்தம் இருந்ததே முப்பது இலைகள்தான்.

அடியில் மொட்டு முட்டுவது அதற்குத் தெரிந்தது.

பெரணி என்ன நினைக்கிறது என்று தவளைக்குப் புரிந்துவிட்டது. "வேணாம். நாலு நாள்தான் பாக்கி. பாப்பா இங்கயே உக்காந்திருக்கட்டும். எப்படியும் வந்துருவாங்க."

"வரலேன்னா?"

தவளை பாறை இடுக்குக்குள் நகர்ந்துகொண்டது.

"பாப்பா, எந்திரி" என்றது பெரணி. "எல்லா இலையையும் கிள்ளிக்கோ. ஒரு மரத்துலயிருந்து அடுத்த மரம் தெரியுற தூரம் மட்டும் போ. மரத்துல உலர்ந்த பக்கமாப் பாத்து அழுத்து. பின்னாடி திரும்பி, முன்ன பதிச்சது தெரியுதான்னு பாரு. தெரியலேன்னா திரும்பி வந்துரு."

"உனக்கு வலிக்காதா?"

"சீக்கிரம் கிள்ளு. யோசிச்சா எனக்கே மனசு மாறிடும்."

மருதி மடி நிறைய இலையோடு கிளம்பினாள். முதல் மரம். அழுத்தினாள். இரண்டாவது மரம். திரும்பிப் பார்த்தாள். மங்கலாகத் தெரிந்தது. எண்ணத் தெரிந்த வரைக்கும் எண்ணினாள், பிறகு எண்ணவில்லை. இலை தீரும்போது காலடியில் கால் பதிந்து தேய்ந்த மண் வந்தது. அங்கே ஒரு மரத்தில் மூன்று இலைகளைச் சேர்த்துப் பதித்தாள். யாரும் இல்லை. கத்திப் பார்த்தாள். பிறகு பயமாக இருக்கவே, பதித்த வழியிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு பாறைக்குத் திரும்பினாள். மொட்டையாக நின்ற பெரணியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செவணனும் ரங்கியும் அதற்குள் ஓடை நெடுகத் தேடிவிட்டார்கள். ரங்கியின் இடுப்பில் குஞ்சன் அழுது ஓய்ந்திருந்தான். தடம் பிரியும் இடத்துக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

"இங்க பாருங்க. இது என்ன?"

கறுத்த மரத்தில் மூன்று வெள்ளை இலைகள். செவணன் தொட்டான். விரலில் மாவு ஒட்டியது.

"ஏதோ செடியோட தூளு..."

"எவ்ளோ உசரத்துல இருக்குன்னு பாருங்க." ரங்கி கையை வைத்து அளந்து காட்டினாள். "இது என் மக கை எட்டுற உசரம்."

அடுத்த மரத்திலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்த மரத்திலும். அவர்கள் ஓடவில்லை. ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று மரம் மரமாகத் தடவிக்கொண்டே வந்தார்கள். பாறைக்கு வந்தபோது மருதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரங்கி அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். செவணன் பள்ளத்தின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

நாலு நாள் கழித்து அந்தக் காட்டில் எல்லாம் பூத்தது. பெரணியின் மொட்டு மட்டும் வெள்ளை இல்லாமல் வாடி, சுருண்டு, புதுத் தளிராகவே விரிந்தது.

அடுத்த வருஷம் மருதி நேராகப் பாறைக்கு ஓடி வந்தாள். தம்பியைக் கையில் பிடித்திருந்தாள்.

"பூத்தியா?"

"இல்ல."

மருதியின் முகம் விழுந்துவிட்டது. "என்னாலதானே?"

"ஆமா" என்றது பெரணி. அது பொய் சொல்லப் பழகவில்லை. "கொஞ்ச நாள் வருத்தமாத்தான் இருந்துச்சு. இப்பவும் வெள்ளையச் சேர்க்கிறேன். பூவுக்கு இல்ல. மூடுபனி வருஷா வருஷம் வரும். பிள்ளைங்களும் வருவாங்க."

மருதி யோசித்தாள். பிறகு ஒரே ஒரு இலையைக் கேட்டு வாங்கினாள். தன் கையின் மேல் வைத்து, மறு கையால் ஓங்கித் தட்டி எடுத்தாள். கறுத்த தோலில் வெள்ளை வெளேரென்று விரிந்து நின்றது.

"இதுதான் உன் பூ" என்றாள். "ஊருக்குப் போய் எல்லாருக்கும் காட்டுவேன்."

குஞ்சன் தன் கையையும் நீட்டினான்.

அந்த வருஷத்திலிருந்துதான் பெரணிக்குப் பூ என்பதே கிடையாது; வெள்ளையெல்லாம் இலைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் இன்றும் மலைக்குப் போகும் பிள்ளைகள் ஓடைக்கரையில் அந்த இலையைக் கண்டால் சும்மா தாண்டிப் போவதில்லை: ஒன்றே ஒன்றைக் கிள்ளி, கையில் வைத்துப் பளாரென்று தட்டி, தங்களோடு வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள்.