கறுப்பின் அடியில் தீ

அந்தக் காலத்தில், சீன தேசத்தில், பறவையும் விலங்கும் மட்டுமல்ல, அடுப்பு நெருப்பும் மனிதரோடு பேசும். எழுத்துகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிறந்துகொண்டிருந்தன. எதன் உருவை எழுத்தாக்கினாலும் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் எலும்பில் செதுக்குவார்கள். மீன் சம்மதித்தது, மலை சம்மதித்தது. கறுப்புக்கு மட்டும் யாரும் உருவம் தரவில்லை.

மழைக்காகக் கறுப்பு மாட்டைப் பலியிடப்போவதைத் தெய்வத்துக்கு எழுதியாக வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் எழுத்து வராவிட்டால், செதுக்குகிற வென்னின் வலக்கையை வெட்டச் சொல்லியிருந்தான் அரசன். வென்னின் மனைவி லான் அடுப்பில் தினையை ஏற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பான உயிர்களிடம் உருவம் கேட்கப் போயிருந்த வென் வெறுங்கையோடு வந்தான்.

"காக்கா என்னங்க சொல்லிச்சு?"

"பலி எலும்புல என் உருவத்தைப் போட்டா, மாட்டை விட்டுட்டு என்னைப் பிடிப்பாங்கன்னுது."

"எருமை?"

"உன் கைக்கு என் கழுத்தான்னு கேட்டுச்சு."

தெருமுனையில் முரசு ஒலித்தது. காவலர்கள்! புகை தெரிந்தால் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று லான் ஓடிப்போய்ப் புகைச் சன்னலை அடைத்துத் தாழிட்டாள். அடுப்பை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

வீடு புகையால் நிறைந்தது.

"மூச்சு முட்டுதுடி, திற!" என்றது நெருப்பு.

தாழில் கை வைத்தபடி லான் நின்றாள். திறந்தால் வென்னின் கை போய்விடும். பின்னால் வென் இருமிக்கொண்டே இருந்தான். சட்டென்று இருமல் நின்றது.

லான் சன்னலைத் தள்ளித் திறந்தாள். புகை பாய்ந்து வெளியேறியது. தரையில் கிடந்த வென் மறுபடி இருமினான். சன்னலெங்கும் கரி அப்பியிருந்தது. அதைப் பார்த்தவள் அடுப்பின் முன் மண்டியிட்டாள்.

"இந்தக் கரியை எழுத்தாக்கிக்கட்டுமா?"

"என்கிட்ட யாருமே கேட்கலையே" என்றது நெருப்பு. "எடுத்துக்கோ. ஆனா நான் பெத்ததை என்கிட்டேயிருந்து பிரிக்காதே. அது போற இடமெல்லாம் அதுக்கு அடியில நான் இருக்கணும்."

காவலர்களில் ஒருவன் கதவை இடித்தான். வென் கரி படிந்த கையால் செதுக்கி முடித்ததும் லான் கதவைத் திறந்தாள். காவலன் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வென்னின் கையைப் பார்த்தான்.

"கையைக் கழுவுய்யா" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

சீனர்கள் கறுப்பு என்று எழுதும்போது மேலே சன்னலும், அதில் இரண்டு பொட்டுக் கரியும், அடியில் நான்கு புள்ளிகளாகத் தீயும் வருவது அன்று முதல்தான்.