அணில் புதைத்த மாம்பழ ஐஸ்

ஒரு காட்டில், பிள்ளைகளே, தினமும் காலையில் ஐஸ் விழுந்துகொண்டிருந்தது. வானத்திலிருந்து அல்ல, லாரியிலிருந்து. காட்டின் ஓரமாக ஏறும் மலைப்பாதையில் மூன்றாவது வளைவு மிகவும் குறுகலானது. மீன் சந்தைக்கு ஐஸ் ஏற்றிப் போகும் லாரி அங்கே திரும்பும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு கட்டி வழுக்கிக் கீழே விழும். ஓட்டுநர் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்தக் கட்டியை முதலில் கண்டவள் அலமேலு என்னும் கரடி. வெள்ளைக் கல் என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள். அன்றிலிருந்து அந்தக் காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் பழ ஐஸ் செய்து தருவது அவள் வேலையாயிற்று.

அலமேலு எதையும் ஒழுங்காகச் செய்பவள். நன்றாகப் பழுத்த மாம்பழங்களைக் கையால் பிசைந்து, தோலையும் கொட்டையையும் நாரையும் எடுத்துவிடுவாள். இரண்டு கை தேன் விடுவாள். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் குழாய்களில் அந்தச் சாற்றை ஊற்றுவாள். உறையும்போது சாறு கொஞ்சம் பருக்கும் என்பதால், விளிம்புக்கு ஒரு விரல் குறைவாகவே ஊற்றுவாள். நடுவில் ஒரு குச்சியைச் செருகுவாள். தேக்கு மர நிழலில் ஒரு குழி தோண்டி, ஐஸை உடைத்துக் கொட்டி, அதற்குள் குழாய்களை நிறுத்துவாள்.

பிறகு, மான்கள் நக்கும் பாறையிலிருந்து சுரண்டி வந்த உப்பை ஐஸின்மேல் தூவுவாள். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும். முதல் தடவை அந்த உப்பைத் தவறிப்போய்ச் சாற்றுக்குள்ளேயே போட்டுவிட்டாள். அதைத் தின்ற குரங்குக்குட்டி இரண்டு நாள் முகத்தைச் சுளித்தபடியே இருந்தது. பிறகு அதன் முகமே அப்படித்தான் என்று எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

கடைசியாகக் குழியைத் தேக்கு இலைகளால் மூடி, மேலே ஒரு கோணிச் சாக்கைப் போட்டு, மரத்தின் நிழல் பாறையிலிருந்து புற்றுக்கு நகரும்வரை காத்திருப்பாள். அதற்குள் ஐஸ் தயாராகிவிடும்; குச்சியைப் பிடித்துக் குழாயிலிருந்து உருவிக் கொடுப்பாள்.

மழை பொய்த்த ஓர் ஆனி மாதம் அது. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் மிச்சமிருந்தது. குட்டிகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு மாம்பழ ஐஸ் வாங்கின. வாங்கியதும் வாயில் வைத்தன. வைத்ததும் தீர்ந்தது. அவ்வளவு வெயில்.

வரிசையின் கடைசியில் சின்னத்தாயி என்னும் அணிலின் பிள்ளைகள் மூன்று பேரும் நின்றார்கள். அவர்கள் கைக்கு ஐஸ் வந்தது. வாய்க்குப் போவதற்குள் சின்னத்தாயி பாய்ந்து மூன்றையும் பிடுங்கிக்கொண்டாள்.

சின்னத்தாயி சேர்த்து வைப்பவள். இன்று கிடைத்ததை இன்றே தின்பவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. புங்கங்கொட்டை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை என்று நாற்பது குழிகளில் புதைத்து வைத்திருந்தாள். அவற்றில் பன்னிரண்டு குழிகள் எங்கே இருக்கின்றன என்றுகூட அவளுக்கு நினைவிருந்தது.

இவ்வளவு நல்ல பண்டத்தை ஆனியிலேயே தின்றுவிட்டால் ஐப்பசி மழையில் என்ன செய்வீர்கள் என்று அவள் பிள்ளைகளைக் கேட்டாள். பிள்ளைகள் அழுதார்கள். ஐப்பசி என்றால் என்ன என்று கடைக்குட்டிக்குத் தெரியாது. அது பிறந்து இன்னும் ஓர் ஐப்பசியைப் பார்க்கவில்லை.

அலமேலு குறுக்கே வந்தாள். "சின்னத்தாயி, இது கொட்டை இல்லை. வைத்தால் உருகிப்போகும். இப்போதே கொடுத்துவிடு."

"உருகுகிறதா? எங்கே?"

"குட்டிகளின் கையைப் பார். முழங்கைவரை வழிகிறதே."

சின்னத்தாயி பார்த்தாள். "அது எச்சில், அக்கா. வளர்த்தவர்கள் சரியாக வளர்க்கவில்லை."

சொல்லிவிட்டு அவள் தன் குழிகளிலேயே நல்ல குழிக்குப் போனாள். மூன்று ஐஸையும் படுக்க வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கி, அடையாளத்துக்கு ஒரு சருகை நட்டாள். பக்கத்தில் பேச்சிமுத்து என்னும் எருமைக்கடா படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அது எப்போதும் அங்கேதான் படுத்திருக்கும். எப்போதும் அசை போடும். வாயோரத்தில் எச்சில் நூல் போலத் தொங்கும். சின்னத்தாயியின் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடுவது வழக்கம்.

மறுநாள் காலை சின்னத்தாயி வழக்கம்போலக் குழிகளைச் சரிபார்க்கப் போனாள். சருகு நட்டபடியே இருந்தது. மண்ணைத் தோண்டினாள். உள்ளே மூன்று குச்சிகள் இருந்தன. அவற்றைச் சுற்றி மண் ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. யாரோ இரவோடு இரவாகக் குழியைத் தோண்டி, ஐஸைத் தின்று, குச்சியை மட்டும் வைத்து மூடி, சருகையும் பழையபடி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தின்றவனுக்கு வாயில் எச்சில் நிறைய ஊறும் என்பதும் அந்த ஈரத்திலிருந்து தெரிந்தது.

அவள் நேராகத் துரைக்கண்ணு என்னும் கீரியிடம் போனாள். காட்டில் எது களவு போனாலும் துப்பு விசாரிப்பவன் அவன்தான். ஆறு மாதமாக அவனுக்கு வழக்கே வரவில்லை. கடைசியாக அவன் கண்டுபிடித்தது, பாம்புப் புற்றுக்குள் பாம்பு இருப்பதை.

துரைக்கண்ணு மண்ணை முகர்ந்தான். குச்சிகளை அளந்தான். மூன்றும் ஒரே நீளம் என்று கண்டதும், ஒரே ஆளின் வேலை என்றான். பிறகு காட்டில் உள்ள எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். தண்ணீர்ப் பஞ்சத்தில் எல்லோருடைய வாயும் வறண்டு கிடந்தது. பேச்சிமுத்துவின் வாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

சின்னத்தாயிக்கு முதலில் அதைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பிள்ளைகள் சறுக்கிய முதுகு அது. ஆனால் குழியில் குச்சிகளைப் பார்த்த நினைவு வந்ததும் மனம் கெட்டியாயிற்று. துரைக்கண்ணு பேச்சிமுத்துவைப் பார்த்து, நீதான் தின்றாயா என்று கேட்டான்.

பேச்சிமுத்து மென்றுகொண்டிருந்தது. வாயில் வேலை இருக்கும்போது அது பேசாது. ஒரு வாய் மென்று முடிக்க அதற்கு வெகு நேரம் ஆகும். எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் அது விழுங்கியது.

"அது," என்றது.

உடனே அடுத்த வாய் அசை மேலே வந்துவிட்டது. மறுபடியும் மெல்லத் தொடங்கியது. வெயில் ஒரு பனை உயரம் ஏறியது. பேச்சிமுத்து மறுபடியும் விழுங்கியது.

"மண்ணுக்குள்ளே," என்றது.

துரைக்கண்ணு துள்ளிக் குதித்தான். "கேட்டீர்களா? ஐஸ் மண்ணுக்குள் இருந்தது என்று நான் இவனிடம் சொல்லவே இல்லை. திருடனுக்கு அல்லாமல் வேறு யாருக்கு இது தெரியும்?"

அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் துரைக்கண்ணு அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், தங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒவ்வொருவரும் பயந்துபோய்ப் பேசாமல் இருந்தார்கள்.

திருடனுக்குக் குளத்தில் பங்கில்லை என்பது அந்தக் காட்டின் வழக்கம். மழை வரும்வரை பேச்சிமுத்து குளத்தில் கால் வைக்கக்கூடாது என்று துரைக்கண்ணு சொன்னான். ஆனி வெயிலில் குளம் இல்லாத எருமையின் கதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போதே அதன் முதுகுச் சேறு காய்ந்து பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

அலமேலு கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஐஸ் உருகக்கூடியது, அதை யாரும் திருடவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"அக்கா, குழியில் இருக்கும் ஐஸை எதற்கு மூடி வைக்கிறீர்கள்?" என்று கேட்டான் துரைக்கண்ணு.

"உருகாமல் இருக்கத்தான்."

"மூடினால் உருகாது. சரிதானே? சின்னத்தாயியும் மண்ணைப் போட்டு மூடித்தான் வைத்தாள். ஆகவே உருகியிருக்காது. ஆகவே திருட்டு."

எங்கேயோ தவறு இருக்கிறது என்று அலமேலுவுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் சட்டென்று பிடிபடவில்லை. கடைசியில் ஒரு யோசனை சொன்னாள். இன்றைக்கு நாவல்பழ ஐஸ் தயாராகிவிட்டது. அதில் ஒன்றை எல்லோருக்கும் முன்னால் பாறைமேல் வைத்துப் பார்க்கலாம். பேச்சிமுத்து தள்ளி நிற்கட்டும். அப்படியும் ஐஸ் மறைந்தால் பேச்சிமுத்துவை விட்டுவிட வேண்டும்.

துரைக்கண்ணு இரண்டாவது வழக்கு கிடைக்கும் ஆசையில் ஒப்புக்கொண்டான். ஆனால் சின்னத்தாயிக்குப் பாறையின்மேல் ஐஸை வைப்பதில் சம்மதமில்லை. தன் கையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"என் கையிலிருந்து எவன் எடுக்கிறான் பார்க்கலாம். கடைசியில் யார்மேல் ஈரம் இருக்கிறதோ அவர்தான் திருடர். நான் சொன்னால் சொன்னதுதான்," என்றாள்.

பேச்சிமுத்துவை நாற்பது அடி தள்ளி வெயிலில் நிறுத்தினார்கள். அது அப்போதுதான் மூன்றாவது வாயை விழுங்கிவிட்டு ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் கொடியால் பின்னிய வாய்க்கூடை ஒன்றை அதன் வாயில் மாட்டிவிட்டார்கள்.

உச்சி வெயிலில் சின்னத்தாயி பாறைமேல் ஏறி உட்கார்ந்தாள். நாவல்பழ ஐஸை இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் கட்டிக்கொண்டாள். போதாதென்று வாலையும் சுற்றிக்கொண்டாள். சுற்றிலும் காடே நின்று கண் இமைக்காமல் பார்த்தது.

முதலில் அவள் நடுங்கினாள். அந்த ஆனி மாதம் காட்டில் நடுங்கிய ஒரே உயிர் அவள்தான். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் ஏதோ சொட்டியது. சின்னத்தாயி நிமிர்ந்து பார்த்து, யாருடைய எச்சில் என்று கேட்டாள். துரைக்கண்ணு உடனே எல்லோரையும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னான். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். சொட்டுவது நிற்கவில்லை. ஊதா நிறத்தில் நெஞ்சில் வழிந்தது, தொடையில் வழிந்தது, வால் நுனியில் தேங்கியது.

அவள் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். இறுக்க இறுக்க ஐஸ் மெலிந்துகொண்டே போயிற்று.

"எடுக்கிறான், எடுக்கிறான்," என்றாள் அவள் மெதுவாக. "என் கைக்குள்ளேயே இருக்கிறான். கண்ணுக்குத்தான் தெரியவில்லை."

கடைசியில் அவள் கைகள் ஒன்றையொன்று தொட்டன. நடுவில் ஒரு குச்சி இருந்தது.

துரைக்கண்ணு ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்தான். எல்லோரும் காய்ந்து கிடந்தார்கள். பேச்சிமுத்துவின் வாய்க்கூடை கட்டியது கட்டியபடி இருந்தது. கடைசியாக அவன் சின்னத்தாயியிடம் வந்தான். தலையிலிருந்து வால்வரை அவள் ஊதாவாக நனைந்திருந்தாள். முதுகில் இருந்த மூன்று கோடுகளையும் காணவில்லை.

"ஒரு துளிகூட என் வாயில் படவில்லை, அண்ணே. சத்தியமாக நான் தின்னவில்லை," என்றாள் சின்னத்தாயி.

"திருடர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள்," என்றான் துரைக்கண்ணு. தன் பொருளைத் தானே திருடிய வழக்கு இந்தக் காட்டில் இதுதான் முதல் தடவை என்று கூட்டத்துக்கு அறிவித்தான். அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

சின்னத்தாயி தன் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். காலையில் குழியில் கிடந்த குச்சிகளைப் போலவே இருந்தது. வெயிலில் நிற்கும் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். நான் தின்னவில்லை என்று சொன்னால் யாரும் நம்பாதபோது நெஞ்சில் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் பாறையிலிருந்து இறங்கிப் போய், தன் கையாலேயே வாய்க்கூடையை அவிழ்த்துவிட்டாள். பேச்சிமுத்து ஒரு தடவை மென்றது. இரண்டாவது தடவை மென்றது. பிறகு, காலையில் தொடங்கிய வாக்கியத்தை முடித்தது.

"உருகிப்போச்சு, அக்கா."

அதைச் சொல்லிவிட்டு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் குளத்தைப் பார்த்து நடந்தது. யாரும் தடுக்கவில்லை.

சின்னத்தாயி அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் முழங்கையில் ஏதோ சூடாகப் பட்டது. கடைக்குட்டி நக்கிக்கொண்டிருந்தது. ஒரு நக்கு நக்கியதும் அதன் கண்கள் விரிந்தன. அது மற்ற இருவரையும் கூப்பிட்டது. மூன்று பேரும் அம்மாவைக் காதிலிருந்து நக்கத் தொடங்கினார்கள்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அசையாமல் நின்றாள். தன் வாழ்நாளில் எந்தப் பண்டத்தைப் பற்றியும் சொல்லாத ஒரு வார்த்தையை அன்று சொன்னாள்.

"சீக்கிரம்," என்றாள். "சீக்கிரம் தின்னுங்கள்."

குளத்திலிருந்து, பேச்சிமுத்து தண்ணீரில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. துரைக்கண்ணு மட்டும் நாவல்பழக் குச்சியை எடுத்துப்போய்த் தன் வளைக்குள் காவலில் வைத்தான்.

நீதி: ஒரு பொருளின் குணம் அறியாமல் அதைப் பதுக்கி வைப்பவர் பொருளையும் இழப்பார், குற்றமற்றவர்மேல் பழியும் போடுவார்.