கீற்றா, தகரமா?

மீன்வளத் துறை அமைச்சர் ஏகாம்பரநாதனுக்குக் கொடியசைப்பதென்றால் உயிர். வெள்ளிக்கிழமை காலை கடற்கரையில் மேடை போட்டு அவர் கொடியசைக்க, புதுப் படகுகள் வரிசையாகக் கடலுக்குள் போக வேண்டும். ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, வானிலை ஆலோசகராகப் புதிதாக வந்திருந்த ஜெசிந்தா, "அன்றைக்குப் புயல் காற்று அடிக்கும். கடலுக்குப் போனவர்கள் திரும்புவது கஷ்டம்" என்று அறிக்கை கொடுத்துவிட்டாள்.

அமைச்சர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அறை நிறைய அதிகாரிகள். மீனவர் சங்கத் தலைவர் சூசையும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஆலோசனை சொல்றதுதான் உன் வேலை. முடிவெடுக்கிறது என் வேலை. காத்து அடிக்காதுன்னு மாத்தி எழுது."

அதிகாரிகள் தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே!

"எழுதிடறேன் சார்," என்றாள் ஜெசிந்தா. "வர்ற வழியில பந்தல்காரர் கேட்டார், மேடைக்குக் கீத்து வேயறதா, தகரம் போடறதான்னு. கீத்தே போதும்னு சொல்லிடட்டுமா?"

அமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "கீத்தா? அடிக்கிற காத்துல மேடையோட சேர்த்து என்னையும் தூக்கிட்டுப் போயிடும்! தகரம் போட்டு, நாலு பக்கமும் இரும்புக் கம்பியால இழுத்துக் கட்டச் சொல்லு!"

இந்தத் தடவை ஒரு தலையும் ஆடவில்லை.

சூசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் வரேங்கய்யா. படகையெல்லாம் மேட்டுல ஏத்திக் கட்டச் சொல்லணும்."

அமைச்சர் ஜெசிந்தாவை முறைத்தார்.

"ஆலோசனை மட்டும்தான் சார் என்னோடது," என்றாள் அவள். "முடிவை நீங்களே எடுத்துட்டீங்க."