பெட்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

இணையத்துக்குக் காவல் வைப்பது ரஹ்மத் அக்காவின் தொழில். சுடலைமுத்து அவரிடம் தொழில் படித்தவன். ஃபயர்வால் என்கிற சின்னப் பெட்டியைக் கல்லூரிகளிலும் கடைகளிலும் மாட்டிவிட்டு வருவார்கள். உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று அது பார்த்துக் குறித்துவைக்கும்.

அந்தக் குறிப்புகளை மெமரி கார்டில் ஓயாமல் எழுதினால் கார்டு தேய்ந்துபோகும். அதனால் ரேமில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அதில் எழுதவைப்பார்கள். கரண்ட் போனால் எழுதினதும் போகும்.

ஒரு நாள் மத்தியானம் சுடலை வந்து நின்றான்.

"என்னடே, ஆளையே காணோம்? பெட்டி உன்னையும் உள்ள விடலியா?"

அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, ரேம்ல எவ்வளவு இடம் ஒதுக்கணும்?"

"நீ எவ்வளவு ஒதுக்குனே?"

"நான் பெட்டி மாட்டுன காலேஜ்ல மொதல்ல கொஞ்சமா ஒதுக்குனேன். ரொம்பி, நெட்டு நின்னுபோச்சு. பிரின்ஸ்பால் சத்தம் போட்டார். அதான் முக்கால்வாசியத் தூக்கிக் குடுத்தேன். வேலை பாக்க மிச்சம் இல்லாம பெட்டியே மூச்சுத் திணறி நின்னுட்டுது."

"அப்புறம்?"

"பிளக்கைப் பிடுங்கி மாட்டுனேன். ஓடிச்சு."

"ஓடுனதுக்கா இப்படி மூஞ்சி?"

சுடலை நடந்ததைச் சொன்னான். பிளக்கைப் பிடுங்கின அன்றைக்குக் காலையில் பரீட்சைத் தாள் ஒன்று அங்கிருந்து வெளியே போயிருந்தது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து என்பது பெட்டியில் இருந்திருக்கும். தாளை டைப் செய்த எஸ்தரைக் கூப்பிட்டார்கள். பெட்டியைப் பாருங்க சார், நான் அனுப்பலன்னு தெரியும் என்றாள். பார்த்தார்கள். ஒன்றுமில்லை. பெட்டி இருந்த அறையின் சாவி அவளிடம்தான் இருந்தது. அவளே பெட்டியை அணைத்துக் குறிப்பை அழித்துவிட்டாள் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

"நீ அப்போ எங்க நின்னே?"

"அங்கதான்."

ரஹ்மத் அக்கா எழுந்து மொட்டைமாடிக்குப் போனார். அவனும் பின்னால் போனான். வெயிலில் தரை கொதித்தது. வாளித் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் 'எஸ்தர்' என்று எழுதினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

"நீ பெருசா எழுது."

உள்ளங்கையை முக்கி, ஆள் படுக்கிற நீளத்துக்கு எழுதினான். கடைசி எழுத்தை முடிக்கும்போது முதல் எழுத்து இல்லை.

"இன்னும் எவ்வளவு பெருசா எழுதணும், சுடலை?"

அவன் கையைச் சட்டையில் துடைத்தான்.

"குறிப்பெல்லாம் அப்பப்ப வேற கம்ப்யூட்டருக்கு அனுப்பி வச்சிருக்கணும். இல்லியாக்கா?"

"ஆமா. சின்ன வேலைதான். அடுத்த காலேஜ்ல செய்வே."

"இந்தக் காலேஜ்ல?"

"பிளக்கைப் பிடுங்குனது யாருன்னு அங்க யாருக்காவது தெரியுமா?"

அவன் தலையை ஆட்டினான். தெரியாது.

"சொன்னா ஒப்பந்தம் போயிரும்னு நெனைச்சேங்க்கா. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே இருந்துட்டேன். இப்பப் போய்ச் சொன்னா நம்புவாங்களா?"

அக்கா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா எல்லாரும் நம்பியிருப்பாங்க. இப்ப எஸ்தர் ஒருத்திதான் நம்புவா. போ."